நாலாயிரம் பேருக்குச் சொன்ன வாசகம்

முதல் கடிதத்துக்கு மனைவியிடமிருந்து அஞ்சலட்டையில் பதில் வந்தது. மொத்தம் மூன்று வரி.

“கடிதம் கிடைத்தது. உள்ளே எழுதியிருந்ததைப் படித்தேன். உறையின் மேல் சொல்லியிருந்ததையும் படித்தேன். என் சாப்பாட்டுச் செலவு மிச்சமானதில் மகிழ்ச்சியாக இருக்கவும்.”

தபால் நிலைய முத்திரைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் எழுதியது ஆறு பக்கம். ஆறிலும் மன்னிப்புதான் கேட்டிருந்தார். உறையின் மேல் விலாசத்தைத் தவிர ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

பக்கத்து மேஜையில் கடிதம் பிரிக்கிறவர் எட்டிப் பார்த்தார். ஓயாமல் பொடி போடுவதால் அவரை எல்லாரும் மூக்குப்பொடி என்றே கூப்பிடுவார்கள்.

“அண்ணே, போன வாரம் முத்திரையில என்ன கட்டை ஓடிச்சு?”

“சிக்கனமே சிறந்த செல்வம்.”

“போச்சு,” என்று சொல்லி மூக்குப்பொடி தும்மினார்.

அந்தக் காலத்து உறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தபால்தலையின் மேல் ஊரும் தேதியும் வட்டமாக விழும். வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் அரசாங்கம் ஒரு புத்திமதி சொல்லும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கொசுவை ஒழி, மரம் நடு. சாவுச் செய்தி சுமந்து வந்த உறையின் மேலும் ‘விடுமுறையைக் கடற்கரையில் கழியுங்கள்’ என்று இருக்கும். செத்தவர் வீட்டில்கூட யாரும் கோபித்துக்கொண்டதில்லை. வாரத்துக்கு ஒரு வாசகம். திங்கட்கிழமை காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து வாசகம் செதுக்கிய புதுக் கட்டை வந்து இறங்கும்.

அதைப் பதினெட்டு ஆண்டுகளாகக் குத்தி வந்தவர் நம் முத்திரைக்காரர். நிமிடத்துக்கு நூற்றிருபது உறை. மைத்தட்டில் ஒன்று, உறையில் ஒன்று, டக், டக். அவருக்குச் சட்டை தைப்பவர் வலது கைக்கு மட்டும் அரை முழம் துணி கூடுதலாகக் கேட்பார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் முதல் வாயை எடுப்பார். தூக்கத்தில் தலையணையைக் குத்துவார். மழை நாட்களில் கொஞ்சம் வேகம் குறையும்.

வீட்டில் அப்போது மின்சாரம் இல்லை. தண்ணீர் தானாக வீட்டுக்கு வராத காலம். மனைவி தெருமுனைக் குழாய்க்குப் போய், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடமாக அழைத்து வருவாள். விறகு அடுப்பு. கரி போடும் இஸ்திரிப் பெட்டி. துணி துவைக்கப் பின்கட்டில் ஒரு கல். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் கல்லுக்குப் பழுது வந்ததே இல்லை. மனைவியின் முதுகுக்குத்தான் வந்தது.

இந்த நிலையில் ஒருநாள் அடுத்த வீட்டுக்காரி தனக்கு வந்த உறையைக் கொண்டுவந்து காட்டினாள். கட்டத்துக்குள் இருந்தது: ‘மின்சாரம் வந்தது, மனைவியின் பாரம் குறைந்தது.’

“இது நீங்க குத்தினதா?” என்று மனைவி கேட்டாள்.

“ஆமா. எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாரு. ஒரு எழுத்துலகூட மை இழுவல.”

“இதை ஒரு நாளைக்கு எத்தனை பேர்கிட்ட சொல்றீங்க?”

முத்திரைக்காரருக்குப் பொய் சொல்ல வராது. “நாலாயிரம்.”

“நாலாயிரம் பேர்கிட்ட சொன்னவருக்குச் சொந்த வீட்டுல ஒரு தடவை சொல்லத் தோணலியா?”

“அது இலாகா சொல்றதும்மா. நான் வெறும் கை.”

“அப்ப அந்தக் கையே போய்த் தண்ணி தூக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா வீட்டில் விளக்கு இருந்தது, சமையலறைக்குள்ளேயே குழாய் இருந்தது, தானே சுற்றித் துவைக்கும் இயந்திரம் ஒன்றும் இருந்தது.

உடனே போய் அழைத்து வரலாம் என்று முத்திரைக்காரர் விடுப்புக் கேட்டார்.

“நீ போயிட்டா நாலாயிரம் உறையை யாருய்யா குத்துவா? உன் மாமனாரா?” என்றார் போஸ்ட்மாஸ்டர்.

அதனால்தான் அந்த முதல் கடிதம். கடிதம் போகிற இடத்துக்கு ஆள் எதற்கு என்பது அவருடைய கொள்கையும்கூட.

இரண்டாவது கடிதம் எட்டு பக்கம். இந்த முறை முன்னெச்சரிக்கையாக அவர் போஸ்ட்மாஸ்டர் முன்னால் போய் நின்றார்.

“சார், ஒரே ஒரு உறைக்கு மட்டும் வாசகம் இல்லாம வெறும் தேதி குத்திக்கட்டுமா?”

“ஏன், அந்த வீடு மட்டும் அரசாங்கத்துக்கு வெளியில இருக்கா?”

வேறு ஊர்ப் பெட்டியில் போடவும் வழியில்லை. சுற்றியுள்ள எல்லா ஊர் மூட்டைகளும் இவர் மேஜைக்குத்தான் வந்து சேரும். ஆகவே தன் கடிதத்தைத் தானே குத்தினார். அந்த வார வாசகம் யாரையும் புண்படுத்தாத ஒன்று: ‘விலாசத்தைத் தெளிவாக எழுதுங்கள்.’

பதில் நாலாம் நாள் வந்தது. “அப்பா வீட்டு விலாசத்தைக் கீழே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். இனி இதுவே என் விலாசம். தெளிவாக இருக்கிறதா?”

இதற்குள் முத்திரைக்காரர் தண்ணீர் தூக்கக் கற்றுக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு குடம் தொங்கினாலும் அது அசையாது. இடது கை ஒரு குடத்துக்கே அழுதது. குழாயடியில் பெண்கள் அவரை வரிசையில் கடைசியில் நிறுத்தினார்கள். அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்து அலுவலகத்துக்குப் போனார். ஊர், அவர் மனைவியை நினைத்து அழுவதாகச் சொன்னது. அவர் மறுக்கவில்லை. மூன்றாவது கடிதத்தில் பன்னிரண்டு பக்கத்துக்கு இதையெல்லாம் எழுதினார். ‘விளக்குச் சிம்னியை எப்படி உடைக்காமல் துடைத்தாய்? நான் இதுவரை ஐந்தை உடைத்துவிட்டேன். நீ ஒருநாளும் சொல்லவில்லையே’ என்று முடித்தார்.

“அண்ணே, இந்த வாரக் கட்டை கொஞ்சம் வில்லங்கம்,” என்றார் மூக்குப்பொடி. ‘வெறிநாய் வரும் முன்னே உங்கள் நாயைக் கட்டிப் போடுங்கள்’ என்பது அந்த வார வாசகம்.

“என்ன பண்ணலாம்?”

“மையைக் குறைச்சு, பட்டும் படாம ஒத்தி எடுங்க. தேதி தெரிஞ்சாப் போதும், நாய் தெரியவேண்டாம்.”

பதினெட்டு ஆண்டுகளில் அந்தக் கை ஒரு முறையும் இலேசாகக் குத்தியதில்லை. பழக்கமில்லாத வேலை. குத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாய் தெரியவில்லை. வெறியும் தெரியவில்லை. கடைசி வரி மட்டும் கன்னங்கரேலென்று விழுந்தது.

“கட்டிப் போடச் சொல்லியிருக்கிறீர்கள்,” என்று பதில் வந்தது. “கயிறோடு யார் வருகிறார்கள் என்று வாசலில் காத்திருக்கிறேன்.”

முத்திரைக்காரர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பதினாறு வருஷத்துக் குடும்பம், ஒரு விரல் நீளக் கட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாசகம் தப்பாகப் போனால் அவள் நிரந்தரமாக வரமாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய செருப்பின் குதிகால் ரப்பரை எடுத்து, சவரப் பிளேடால் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்கினார். காலையில் தொடங்கி விளக்கு வைக்கும்போது முடித்தார். ‘கோபம் வேண்டாம், வீட்டுக்கு வா.’ இலாகா கட்டையின் அளவுக்கு நூலளவும் பிசகில்லை. திங்கட்கிழமை அதை இலாகாவின் கைப்பிடியில் மாட்டி, இருபது பக்கக் கடிதத்தின் மேல் ஒரே ஒரு குத்து. உறை உயிரோடு இருப்பதுபோல் தெரிந்தது. அதைத் தானே பையில் கட்டி அனுப்பிவிட்டு, நிம்மதியில் கொஞ்சம் காற்று வாங்க வெளியே போனார்.

கைப்பிடியிலிருந்து ரப்பரைக் கழற்ற மறந்துவிட்டார்.

அவர் வர நேரமானதால் மூக்குப்பொடி நட்புக்காக உட்கார்ந்து மீதியைக் குத்தினார். கண்ணில் பொடி, படித்துப் பார்க்கவில்லை. நாலாயிரம் உறை போய்விட்டது.

மூன்றாம் நாளிலிருந்து பேருந்துகள் நிரம்பி வந்தன. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கடையில் சவரம் பண்ணிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போன ஒருவர், தாடியோடு வந்து இறங்கினார். சொத்துத் தகராறில் பேச்சு நிறுத்திய அண்ணன் தம்பிகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் கிளம்பிப் போய், இரண்டு வீடும் பூட்டியிருந்ததால் இன்னும் கோபமாகத் திரும்பினார்கள். பக்கத்து ஊர் விடுதியில் ஒரு மாணவரும் மிச்சமில்லை. நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை பெற்ற ஒரு திருடர் கண்ணீரோடு நேராக நீதிபதியின் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த நீதிபதி அம்மா உட்காரச் சொல்லிச் சாப்பாடும் போட்டுவிட்டார்.

யாரையும் வரச்சொல்லி எழுதாதவர்களின் வீட்டுக்கெல்லாம் யாரோ வந்தார்கள். முத்திரைக்காரரின் வீட்டுக்கு மட்டும் அஞ்சலட்டை வந்தது.

“நாலாயிரம் பேரை வீட்டுக்குக் கூப்பிட்டீர்களாமே. அந்தக் கூட்டத்தில் எனக்கு எங்கே இடம்?”

போஸ்ட்மாஸ்டர் அவரை அறைக்குள் கூப்பிட்டார். செருப்புக் குதிகால் மேஜையின் மேல் சாட்சியாக இருந்தது.

“என்னய்யா காரியம் பண்ணியிருக்கே?”

“தப்புதான் சார்.”

“என் மாமியாருக்கு மணியார்டர் ரசீது அனுப்பினேன். வெறும் ரசீதுய்யா! ‘மாப்பிள்ளைக்கு என் மேல இவ்வளவு பாசமா’ன்னு நாலு பெட்டியோட வந்து இறங்கிட்டாங்க. எப்பப் போவீங்கன்னு எப்படிய்யா கேக்கறது?”

“அடுத்த வாரக் கட்டை என்ன சார்?” என்று முத்திரைக்காரர் உதவி செய்யும் எண்ணத்தில் கேட்டார்.

பத்து நாள் வேலைக்கு வரக்கூடாது என்று உத்தரவு வந்தது.

அந்தப் பத்து நாளில் ஒன்பதை அவர் வீணாக்கவில்லை. மின்கம்பி இழுத்தார். பள்ளம் தோண்டித் தெருமுனையிலிருந்து சமையலறை வரை குழாய் போட்டார். வலது கை மட்டும் தோண்டியதால் குழாய் கொஞ்சம் வலப்பக்கம் வளைந்துதான் வந்தது. சைக்கிளைக் கொடுத்துவிட்டுத் துவைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிவந்து பின்கட்டில் நிறுத்தினார். ஓட்டிப் பார்த்தபோது அது நடந்தே வாசல் வரை வந்தது. அதையும் கட்டிப் போட்டார். இனி எழுதுவதற்கு ஒன்றுமில்லை, எழுதினால் ஆபத்து என்று, பத்தாம் நாள் காலையில் கொள்கையைக் கைவிட்டுப் பேருந்து ஏறினார்.

மாமனார் தெருவின் முனையில் இறங்கியதும் அங்கேயே நின்றுவிட்டார். மனைவி வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால்? அஞ்சலட்டையாவது மூன்று வரியோடு நிற்கும்.

சைக்கிளில் வந்த ஒரு தபால்காரர் அவருடைய வலது கையைப் பார்த்துவிட்டு நின்றார்.

“சார், நீங்கதானே அந்த ஊர் முத்திரைக்காரர்?”

“ஆமா தம்பி. இந்தத் தெருவுக்கு நீங்கதான் தபால் போடறீங்களா?”

“ஆமா சார், ஏழு வருஷமா.”

முத்திரைக்காரர் தொண்டையைக் கனைத்தார். “என் வீட்டுக்காரிக்கு என் கடுதாசியெல்லாம் நீங்கதானே கொடுத்திருப்பீங்க? முகத்தைப் பார்த்திருப்பீங்களே. இன்னும் கோவமாத்தான் இருக்காளா? உள்ளதைச் சொல்லுங்க. திரும்பிப் போக அடுத்த பஸ் பத்து நிமிஷத்துல இருக்கு.”

தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கினார். தெருவின் நடுவில் ஒரு வாசலில் நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்துச் சைக்கிள் வருகிறதா என்று ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார், முத்திரைக்காரரை ஒரு முறை பார்த்தார், தலையில் கைவைத்துக்கொண்டார்.

“அவங்க முதல் கடுதாசியைப் படிச்ச அன்னிக்கே ஊருக்குக் கிளம்பப் பெட்டியைக் கட்டிட்டாங்க சார், ஆனா கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல அவங்க பேருக்கு வந்த முதல் கடுதாசியாம் அது, திரும்பிப் போயிட்டா அடுத்தது வராதேன்னு வாராவாரம் என்னையும் பக்கத்துல உக்கார வச்சு, உறையில சண்டைக்கு ஏதாவது கிடைக்குதான்னு ரெண்டு பேரும் தேடித் தேடி எழுதிக்கிட்டு இருந்தோம், நீங்க என்னடான்னா இப்படி நேர்ல வந்து கெடுத்துட்டீங்களே!”