கரடித் தலைக்குக் காவல் இருந்தவர்

கரடி அண்ணையைப் போல ஒரு மனிதர் ரொறன்ரோவில் முன்பும் இருந்ததில்லை, இனியும் இருக்கப்போவதில்லை. செத்துப்போன கரடியோடு இடியப்பத்தைப் பங்குபோட்டுச் சாப்பிட்ட வேறொருவரை உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், நான் இந்தப் பத்தி எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் துண்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஸ்காபரோவின் டோர்செட் பார்க் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் தனியாக இருந்தார். நானும் அவரும் ஒரு பல்கலைக்கழக மைதானத்தில் செக்யூரிட்டி வேலை பார்த்தோம். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லமாட்டேன், சொன்னால் அடி விழும். அதற்கும் ஏரிக்கரைப் பக்கம் இருக்கும் இன்னொன்றுக்கும் பரம்பரைப் பகை. இலையுதிர்காலம் வந்தால் கால்பந்து ஆடி அந்தப் பகையைப் புதுப்பித்துக்கொள்வார்கள். இந்த நாட்டுக் கால்பந்தில் பந்தைக் காலால் தொடுவது அபூர்வம். ஒருவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட, மற்றவர்கள் எல்லோரும் அவன்மேல் விழுவார்கள்.

எங்கள் அணியின் சின்னம் கரடி. ஒரு மாணவன் கரடி உடுப்பும் தலையும் மாட்டிக்கொண்டு மைதான ஓரத்தில் ஆடவேண்டும். அந்தத் தலை மிகப் பழையது. உண்மையான கரடித் தோல், கண்ணாடிக் கண். முன்னொரு காலத்தில் எங்கள் பக்கம் தோற்றுப்போன ஒரு நாள், கரடியாக ஆடிய பையன் தலையைக் கழற்றாமலே பனிக்குள் நடந்து போனானாம். அடுத்த நாள் தலை மட்டும் மைதானத்தின் நடுவில் இருந்ததாம். பையனை அதன் பிறகு யாரும் காணவில்லையாம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் சாவிக்கொத்தையே கையில் கொடுப்பார்கள்.

அன்றிலிருந்து அந்தத் தலையைத் திருடுவது ஏரிக்கரை மாணவர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. திருடினால் அடுத்த போட்டிவரை அது அவர்களுக்குத்தான். எங்கள் அணி கரடி இல்லாமல் மானம்கெட்டு மைதானத்துக்குள் வரவேண்டும். கரடி அண்ணை வேலைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அப்படித்தான் தலை போய்த் திரும்பி வந்திருந்தது. “இன்னொருக்கால் போனால் உங்களில் ஒருவருக்கும் இங்கே வேலையில்லை” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

தலை இருந்தது மைதானத்துக்குக் கீழே உள்ள சாமான் அறையில். அந்தப் பக்கம் போக எங்களுக்குக் குலை நடுங்கும். சுவரைப் பார்க்க வைத்துப் பூட்டிவிட்டு வந்தால், திறக்கும்போது அது கதவைப் பார்த்துக்கொண்டிருக்கும். அண்ணை மட்டும், “அதை நான் பாக்கிறன்” என்றார்.

“உங்களுக்குப் பயமில்லையோ அண்ணை?”

“ஊரிலை வீட்டைப் பூட்டிப்போட்டு வந்தனான். பிறகு போய்ப் பாத்தால் கதவுமில்லை, நிலையுமில்லை. இனி என்ரை பொறுப்பிலை இருக்கிற ஒரு சாமானையும் விடமாட்டன்.”

தினமும் பஸ்ஸில் வருவார். வந்ததும் அறையைத் திறந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, தலையைப் பார்த்துச் சொல்வார்: “குறை நினையாதை தம்பி, பஸ் லேட்.” பிறகு தன் கதிரையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார். ஒரு இடியப்பம் மூடியில் வைக்கப்பட்டுத் தம்பிக்குப் போகும். ஸ்காபரோச் செய்திகள் எல்லாம் தம்பிக்குத்தான் முதலில்.

ஒருநாள் துணிந்து கேட்டேன். “நீங்களோ அண்ணை தலையைத் திருப்பி வைக்கிறது?”

“ஓம், நான்தான். சுவரைப் பாத்துக்கொண்டிரு எண்டால் உமக்குக் கோவம் வராதோ?”

எனக்கு உயிர் வந்தது. அண்ணை வருவதற்கு முன்பே அது திரும்பிக்கொண்டுதான் இருந்தது என்பது வீட்டுக்குப் போகிற வழியில்தான் நினைவுக்கு வந்தது. காரை ஓரம்கட்டி, ஸ்ரௌவ்வில் ஊரில் வீட்டில் இருந்த மனைவிக்கு ஃபோன் எடுத்து, வீட்டிலுள்ள எல்லா லைட்டையும் போடச் சொன்னேன்.

பிறகொரு மத்தியானம் இரண்டு பேர் பிளம்பர் உடுப்பில் வந்து, கீழே குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நானும் மரியாதையாகக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டேன். இருட்டுக்குள் கரடி எழுந்து நின்று, “ஆரது?” என்றது. பிளம்பர் வேஷத்தில் வந்த ஏரிக்கரைப் பொடியன்கள் போட்டுவிட்டு ஓடிய கருவிப் பெட்டியை நாங்கள் இப்போதும் பாவிக்கிறோம். அவர்களுக்கு முன்னால் ஓடியது நான். ஹீற்றர் பழுதாகிக் காது குளிர்ந்ததால் அண்ணை தலையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாராம்.

அடுத்த போட்டியன்று கரடியாக ஆடவேண்டிய அருண் என்ற மாணவன், தலையை மாட்டிய வேகத்திலேயே கழற்றிவிட்டான். இங்கே மார்க்கம் நகரில் பிறந்த பொடியன். முகத்தில் இரத்தமில்லை.

“அங்கிள், ஐ கான்ட் டூ திஸ். உள்ளுக்குள்ள ஆரோ மூச்சு விடினம்.”

“விடட்டுமேயடா. மூச்சு விடாமல் எப்பிடி இருக்கிறது?” என்று சொல்லி, அண்ணை உடுப்பைத் தான் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்கு ஆடத் தெரியாது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயில் வீதி சுற்றுகிறவரைப் போல மைதானத்தைச் சுற்றி நடந்தார். பிழைவிட்ட ஆட்டக்காரர்களை நின்று விரல் நீட்டி ஏசினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கத்துக் கூட்டம் முழுவதும் எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. அன்று நாங்கள் வென்றோம். அதன் பிறகு அவரே கரடி.

இனிச் சொல்லப்போவதை நீங்கள் நம்பவேண்டியதில்லை. என் மனைவியும் நம்பவில்லை.

போன ஆண்டுப் போட்டியன்று ஏரியிலிருந்து பனிமூட்டமாகப் புகார் ஏறி வந்து மைதானத்தை மூடிவிட்டது. பந்து எங்கே என்று ஆடுகிறவர்களுக்கே தெரியவில்லை. கரடி மட்டும் தூரத்தில் மங்கலாக, கையைப் பின்னால் கட்டியபடி நடந்துகொண்டிருந்தது. ஏரிக்கரைப் பொடியன்கள் சிலர் வேலி பாய்ந்து தலையைப் பறிக்க ஓடினார்கள். எனக்கு வேலையும் போகிறது, அண்ணையின் மானமும் போகிறது என்று தெரிந்தது. உதவிக்கு ஆள் கூப்பிட ரேடியோ எடுக்கக் கீழே ஓடினேன்.

சாமான் அறை திறந்திருந்தது. கதிரையில் அண்ணை இருந்தார். ஒரு கை நெஞ்சில், மறு கை மடியிலிருந்த கரடித் தலைமேல். உடுப்பு பக்கத்தில் மடித்தபடி இருந்தது.

மேலே கூட்டம் “கரடி! கரடி!” என்று கத்துவது கேட்டது.

“நீங்கள் இஞ்சை எண்டால், அங்கை ஆர் அண்ணை?”

“நெஞ்சுக்கை ஒரு மாதிரிக் கிடக்கு, இண்டைக்கு ஏலாது எண்டு சொன்னனான். தான் போறன் எண்டு தம்பி சொன்னவன்.”

“தலை இஞ்சையெல்லோ இருக்கு!”

“கொண்டுபோனால் பறிப்பாங்கள் எண்டு விட்டிட்டுப் போனவன். புத்தியுள்ள பொடியன்.”

ஆம்புலன்சுக்கு அழைத்தேன். வழிகாட்ட மேலே வந்தபோது, தலையைப் பறிக்க ஓடிய ஏரிக்கரைப் பொடியன்கள் புகாருக்குள்ளிருந்து மெதுவாக நடந்து வந்தார்கள். அவர்களில் ஒருவன் தமிழ்ப் பொடியன். என்னைக் கண்டதும் தண்ணீர் கேட்டான்.

“தலையை எடுத்தனியளோ?” என்று கேட்டேன்.

“தோளுக்கு மேல பிடிக்கிறதுக்கு அங்க ஒண்டுமில்லை அங்கிள்.”

புகார் கலைந்தபோது மைதானத்தில் கரடி இல்லை. அன்று யார் வென்றார்கள் என்று கூட நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணை என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

“தலை இருக்கோ?”

“இருக்குது அண்ணை. பூட்டி வைச்சிருக்கிறன்.”

“போதும், அது காணும்,” என்று கண்ணை மூடினார். அதே வாரத்தில் போய்விட்டார். கூடப்பிறந்தவர் போனதைப் போல அழுதேன். கார் பார்க்கிங்கில் நின்று அழுததை மறைக்க மூக்கில் அலர்ஜி என்று சூப்பர்வைசருக்குச் சொன்னேன்.

இப்போது சாவி என்னிடம். தலையை ஒருநாளும் சுவரைப் பார்க்க வைப்பதில்லை. அண்ணை வைத்ததைப் போலக் கதவைப் பார்க்கத்தான் வைப்பேன். இந்த ஆண்டுப் போட்டியன்று காலை அறையைத் திறந்தேன். தலை கதவைப் பார்க்கவில்லை. திரும்பி, அண்ணையின் வெறுங்கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஓடவேண்டும் என்றுதான் கால் சொன்னது. ஆனாலும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மூடியில் ஒரு இடியப்பத்தை வைத்து முன்னால் தள்ளினேன். அண்ணை இனி வரமாட்டார் என்று சொல்லிவிட வாயெடுத்தேன். அந்தக் கண்ணாடிக் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

“குறை நினையாதை தம்பி,” என்றேன். “அண்ணைக்குப் பஸ் லேட்.”