நெல் இருக்கிறது என்று நம்பியவன்

உலகத்தில் எல்லா ஊர்களுக்கும் வரலாறு உண்டு. ஆனால் கேட்ட மூன்றாம் நாள் அதை நான்கு வண்ணத்தில் அட்டை போட்டுக் கையில் கொடுக்கிற வசதி திருத்தணியில் மட்டுமே உண்டு. அந்த வசதியின் பெயர் கஜபதி.

கஜபதி முப்பத்தைந்து வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவர். கிழக்கே இன்னாருடைய நிலம், மேற்கே இன்னாருடைய கிணறு என்று நான்கு எல்லைகளையும் எழுதி எழுதி விரல் வளைந்து போனவர். பத்திரமெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகு அந்த விரல் சும்மா இருக்கவில்லை. மனிதர்களுக்கு மூலப்பத்திரம் எழுதத் தொடங்கியது. மலைக்குப் போகிற சாலையில், குலாம் ரசூலின் டூவீலர் மெக்கானிக் கடைக்குப் பக்கத்தில், "கஜபதி வம்சாவளி ஆராய்ச்சி மையம்" என்று பலகை ஏறியது. ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிகளாக ஒரு மேசையும் ஒரு பிரிண்டரும், பல்லவர் பாடம் மட்டும் அழுக்கேறிய ஒரு பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகமும் இருந்தன.

அந்த ஆண்டு வட்டாரத்தில் வம்சாவளி இல்லாமல் நிச்சயதார்த்தம் நடப்பதில்லை என்ற உயர்ந்த நிலைமை ஏற்பட்டிருந்தது. ஜாதகம், போட்டோ, சம்பளச் சீட்டு, அதற்கப்புறம் வம்சாவளிப் புத்தகம். கஜபதி யாருக்கும் குறை வைத்ததில்லை. ஓட்டல்காரருக்குப் பல்லவர் அரண்மனையின் மடைப்பள்ளித் தலைவர். லாரிக்காரருக்கு யானைப்படை. பல் டாக்டருக்கு ராஜவைத்தியர். ஒரே தளபதியை ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்குக் கொடுத்ததில்லை என்பது அவருடைய தொழில் நேர்மை.

குலாம் ரசூலுக்குக்கூட ஒரு குதிரைப்படை வீரரைத் தருவதாகச் சொன்னார், பக்கத்துக் கடை என்கிற பாசத்தில்.

"எனக்கு எதுக்கு பாய் சொல்லு, சாரி, எனக்கு எதுக்கு சார் சொல்லுங்க," என்று சிரித்தார் குலாம் ரசூல். நாளெல்லாம் தன்னையே பிறர் பாய் என்று அழைப்பதால் நாக்கு பழகியிருந்தது. "வண்டிக்குத்தான் ஆர்.சி. புக்கு. ஓட்டுறவனுக்கு லைசென்ஸ் இருந்தா போதும்."

மலைக்குக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, கனகம்மாசத்திரம் பக்கத்திலிருந்து வேதாசலம் வந்தார். மூன்று ஏக்கர் நெல்லும் ஒரு ஏக்கர் வேர்க்கடலையும் பயிரிடுகிறவர். கூடவே மகள் சுஜாதா, திருத்தணியில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். அவளுக்குப் பள்ளிப்பட்டில் வரன் அமைந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பக்தவச்சலம், விசைத்தறி முதலாளி. பெண் வீட்டு வம்சாவளி வந்தால்தான் தேதி குறிக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"பக்தவச்சலம் ஐயா வீட்டுக்கு நான்தான் எழுதிக் குடுத்தேன்," என்றார் கஜபதி பெருமையாக. "பல்லவ தளபதி. உங்களுக்கு அதுக்குச் சமமா கோட்டைக் காவல் தலைவர் ஒருத்தர் இருக்காரு. காலியாத்தான் இருக்காரு."

"அதெல்லாம் வேணாங்க," என்றார் வேதாசலம். "எங்க நைனாவோட கொள்ளுத்தாத்தா, பேரு எல்லப்பன். பெரிய பஞ்சத்துல போலீசு புடிச்சிகினு போச்சாம். அப்புறம் வரவே இல்லை. என்னா ஆனாரு, என்னிக்கு செத்தாரு, ஒண்ணும் தெரியாது. நாளு தெரியாததால அவருக்கு மட்டும் திதியே குடுத்ததில்லை. நைனா சாவுற வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு. அது கெடைச்சா குடுங்க. வேற எதுவும் வேணாம்."

கஜபதிக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் வந்ததில்லை. "ஜெயிலுன்னு புத்தகத்துல போட்டா நல்லா இருக்காதுங்களே. கோட்டைன்னு போட்டுக்கலாம். ரெண்டுலயும் மதில் இருக்கு."

"சார், பொய்யா இருந்தா நானே கிழிச்சிடுவேன்," என்றாள் சுஜாதா. அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். மருந்துச் சீட்டில் எழுதாத மாத்திரையைக் கேட்கிறவர்களிடம் சொல்கிற அதே குரல்.

இந்த ஒரு வார்த்தையால் வம்சாவளி ஆராய்ச்சி மையத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாக ஆராய்ச்சி நடந்தது.

கஜபதி ரயிலேறிச் சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போனார். விண்ணப்பம் எழுதினார், அதில் பிழையே இல்லை. நான்கு நாள் தூசியில் உட்கார்ந்தார். அங்கே அவர் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். ராஜாக்களைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். தீர்வையைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு வாழ்ந்த குடியானவனை யாரும் எழுதவில்லை. சர்க்கார் அவனை நிற்க வைத்து, பேர் கேட்டு, உயரம் அளந்து, மச்சம் எண்ணி எழுதி வைத்தது இரண்டே இடத்தில்தான். ஒன்று ஜெயில், இன்னொன்று பைத்தியக்கார ஆஸ்பத்திரி. ஏழையின் மேல் அரசாங்கத்துக்கு இருந்த அக்கறை அவ்வளவும் அந்த இரண்டு வரிசை அலமாரிகளில் இருந்தது.

எல்லப்பன் இரண்டிலும் இருந்தான்.

ஜெயில் பதிவேடு, 1877. வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி "யெல்லபென்". வயது சுமார் இருபத்தெட்டு. தொழில் உழவு. உயரம் ஐந்தடி இரண்டங்குலம். காதுகள் வழக்கத்துக்கு மேல் பெரியவை. குற்றம்: மணவூர் ஸ்டேஷன் அருகே தனியார் கிடங்கின் பூட்டை உடைத்து நெல் மூட்டை ஒன்றைத் திருடியது. பதினெட்டு மாதம் கடுங்காவல். நான்காம் மாதத்துக்கு எதிரே சிவப்பு மையில், "சித்தசுவாதீனம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு மாற்றம்."

ஆஸ்பத்திரிப் புத்தகம் தடிமனாக இருந்தது. கஜபதி பென்சிலால் அப்படியே பெயர்த்து எழுதிக்கொண்டார்.

"நோயின் தன்மை: பிரமை. நாட்டில் எல்லோருக்கும் போதுமான நெல் இருக்கிறது என்றும், அது பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்றும் நம்புகிறான். மற்றபடி அமைதியானவன். தோட்டவேலை நன்றாகச் செய்கிறான்.

"மூன்றாம் மாதம். முன்னேற்றமில்லை. எங்கே இருக்கிறது நெல் என்று கேட்டால் வழி சொல்கிறான்.

"ஆறாம் மாதம். தன் சோற்றில் பாதியை மதிலுக்கு வெளியே எறிகிறான். நோய் முற்றியிருக்கிறது.

"1878 நவம்பர் 9. பேதி கண்டு இறந்தான். உறவினர் எவருமில்லை என்று கருதப்படுகிறது."

கஜபதி பென்சிலைக் கீழே வைத்தார். எழுதியிருந்ததற்கு மேல் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கத் தோன்றாதது அவர் தொழில் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தனக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்து, வெளியே வந்து ஒரு டீ குடித்தார்.

வேதாசலம் மையத்தில் உட்கார்ந்து அந்தத் தாளை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். காது பெரியது என்ற இடத்தில் அவருடைய கை தானாகவே தன் காதுக்குப் போயிற்று. கடைசி வரி வந்ததும், "யாரும் இல்லைன்னு எழுதினானா? நாங்க இருந்தமே," என்றார். அப்புறம் தேதியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, இப்பவும் கெட்டுப்போகலை," என்றார் கஜபதி மெதுவாக. "தேதியை நீங்க வெச்சிக்குங்க. புத்தகத்துக்கு, ஜெயிலைச் சுதந்திரப் போராட்டம்னு மாத்தலாம். ஆஸ்பத்திரியைத் துறவறம்னு மாத்தலாம். சம்பந்தி கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்."

"துறவறம் போனவர் எதுக்கு சார் பேதியில சாவணும்?" என்றாள் சுஜாதா. "அப்படியே அச்சடிங்க. இதைப் படிச்சிட்டு வேணாம்னு சொல்ற வீட்டுக்கு நான் போறதா இல்லை."

அடுத்த ஞாயிறு வேதாசலத்தின் வீட்டுக் கூடத்தில் பேச்சு. பக்தவச்சலம் சரிகைத் துண்டோடு, தன்னுடைய தளபதிப் புத்தகத்தையும் கையோடு கொண்டு வந்திருந்தார். மகன் சக்திவேல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். ஆராய்ச்சியாளர் என்ற முறையில் கஜபதிக்குத் தனி நாற்காலி. பக்தவச்சலம் புதுப் புத்தகத்தைப் படித்தார், திருப்பிப் படித்தார், மூடினார்.

"சம்பந்தி," என்றார். "ஜெயிலுன்னா ஜெயிலு. பைத்தியம்னா பைத்தியம். ரெண்டுல ஒண்ணுன்னா சமாளிக்கலாம். ரெண்டும்னா ஊர்ல என்னான்னு சொல்லுவேன்?"

"நைனா," என்றான் சக்திவேல். அன்றைக்கு அவன் வாய் திறந்தது அப்போதுதான். "எங்கே இருக்குதுன்னு கேட்டா வழி சொல்றாருன்னு எழுதியிருக்குது. பைத்தியத்துக்கு வழி தெரியுமா?"

"டாக்டரு எழுதியிருக்காருடா. உன்னைவிடப் படிச்சவரு."

இந்த இடத்தில் கஜபதிக்குள் இருந்த பழைய பத்திர எழுத்தர் விழித்துக்கொண்டார். ஒரே சொத்தை இரண்டு பத்திரத்தில் இரண்டு விதமாகக் காட்டினால் கண்டுபிடிப்பது முப்பத்தைந்து வருஷப் பழக்கம்.

"ஐயா, ஒரு சந்தேகம். ஜெயில் புத்தகத்துல இவரு நெல்லைத் திருடினார்னு இருக்கு. அப்ப கிடங்குல நெல் இருந்திருக்கு. ஆஸ்பத்திரிப் புத்தகத்துல நெல் இருக்குதுன்னு நம்புறதுதான் வியாதின்னு இருக்கு. அப்ப நெல் இல்லை. ரெண்டும் ஒரே சர்க்கார். நெல் இல்லைன்னா திருட்டு இல்லை. நெல் இருந்தா பைத்தியம் இல்லை. ரெண்டுல ஒண்ணைத்தான் நம்ப முடியும்."

பக்தவச்சலம் விரலை மடக்கி மடக்கி யோசித்தார். "நெல் இருந்துதா இல்லையா, அதைச் சொல்லு நீ."

"இருந்துதுங்க. பறிமுதல் பண்ண மூட்டையைக் கிடங்குக்காரருக்கே திருப்பிக் குடுத்ததா ரசீது இருக்கு."

"ஆங்," என்றார் பக்தவச்சலம். அப்புறம் தன் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். அட்டையில் தளபதி வாளை ஓங்கியபடி நின்றார். "கஜபதி, எங்க ஆளு என்னா பண்ணாரு?"

"வெற்றி வாகை சூடினாருங்க."

"யாரை ஜெயிச்சாரு?"

"எதிரிகளைங்க."

"அவங்க பேரு?"

கஜபதி தன் தனி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். சுஜாதா தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"எங்க ஆளுக்கு மச்சம் எங்கே இருந்துது? காது பெருசா, சின்னதா?"

"அது... பதிவாகலைங்க."

பக்தவச்சலம் தளபதியைச் சுருட்டித் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். "எங்க பக்கத்துல நெஜமான ஆளு யாருன்னு தெரியவே தெரியாது போல. பொண்ணு பக்கத்துலயாவது ஒருத்தர் இருக்கட்டும். தேதி பாருங்க சம்பந்தி." சக்திவேல் சுஜாதாவைப் பார்த்தான். அவள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், கொஞ்சம் வேகமாக.

கல்யாணத்துக்கு முன்பே எல்லப்பனுக்கு நாள் பார்த்தாகிவிட்டது. நவம்பர் ஒன்பதுக்கு உரிய திதியைப் பஞ்சாங்கக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார். நூற்றைம்பது வருஷத்துக்குச் சற்றுக் குறைவான காத்திருப்புக்குப் பிறகு அவன் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார் வேதாசலம். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டார். யாரும் பாதியில் எழுந்திருக்கவில்லை.

திருத்தணியில் நடந்த கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குள் தேங்காயோடு எல்லப்பன் புத்தகமும் போயிற்று. பந்தியில் உட்கார்ந்தவர்கள் படித்தார்கள். சிலர் மோர் சாதத்தை நிறுத்திவிட்டுப் படித்தார்கள். பதினைந்தே நாளில் ஊர் மனம் திருந்தியது.

முதலில் லாரிக்காரர் வந்தார். யானைப்படையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆறு மாதக் கடுங்காவல் கேட்டார். ஓட்டல்காரர், "எங்களுக்குப் பைத்தியமும் சேர்த்துப் போடுங்க, அதுதான் எடுப்பா இருக்குது," என்றார். பல் டாக்டர் மட்டும் கௌரவம் கருதி, தன் முன்னோர் பூட்டை உடைத்தபோது பல் உடைந்ததாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"பதிவேட்டுல தேடிப் பாத்துதான் சொல்ல முடியும்," என்றார் கஜபதி முதல் வாரம். இரண்டாம் வாரம், "தேடிகினு இருக்கேன்," என்றார். மூன்றாம் வாரம் பிரிண்டரைப் போட்டார். ஒரு மனிதர் உண்மையை ஒரு தடவை பார்த்தால் போதாதா? தினமும் ரயிலேறியா போய்ப் பார்க்க முடியும்? மூன்றே மாதத்தில் பல்லவ சேனை முழுவதும் கலைக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டது. மையத்தின் சுவரில் "பூட்டை உடைத்த வீரக் குடும்பங்கள்" என்று ஒரு பட்டியல் ஏறி, கூரை வரை வளர்ந்தது.

ஒருநாள் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில் வேதாசலம் உள்ளே வந்தார். பட்டியலைப் பொறுமையாகப் படித்தார். வண்டிச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த குலாம் ரசூலும் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இத்தினி பேரா அன்னிக்கு உடைச்சாங்க?" என்றார் வேதாசலம். "அப்புறம் எப்படிங்க எங்க ஆளு மட்டும் தனியா மாட்டினாரு?"

"கூட்டத்துல ஓட முடியலையோ என்னவோ," என்றார் குலாம் ரசூல்.

வேதாசலம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "பூட்டு போட்டவங்க பேரு அந்த ஜெயில் புத்தகத்துல இருந்துதுங்களா?"

"இருந்துது," என்றார் கஜபதி. அவர் குரல் தாழ்ந்தது. "கிடங்குக்காரர் பேரு, அப்பா பேரு, ஊரு, வீடு, சாட்சி சொன்ன ஆறு பேரு, எல்லாம் தெளிவா இருக்கு. நானே போன் பண்ணிப் பாத்தேன். அதே வீடு. அதே எடத்துல இப்பவும் கிடங்கு. 'அது வேற குடும்பம்ங்க, எங்க ஆளும் ஜெயிலுக்குத்தான் போனாரு, நல்லா பெருசா போட்டுக் குடுங்க'ன்றாங்க. மத்த ஆறு வீட்டுலயும் அதேதான்."

சுவரில் அந்த ஏழு குடும்பங்களும் இருந்தன, தடித்த எழுத்தில்.

திருத்தணி வட்டாரத்தில் இன்றைய தேதிக்குப் பூட்டை உடைத்தவர்களின் வம்சம் நூற்றுப் பதினேழு. பூட்டியவர்களின் வம்சம் ஒன்றுகூட இல்லை. அத்தனை நெல்லையும் வைத்துக்கொண்டு, பாவம், ஒரு பிள்ளைகூடப் பெறாமல் செத்திருக்கிறார்கள்.