நான் வள்ளம் ஓட்டத் தெரிந்தவன்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. சுவிஸுக்கு வந்த நாளிலிருந்து இருக்கிறது. யாராவது ஒரு வெள்ளைக்காரர் என் முகத்தைப் பார்த்து "உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டால், "தெரியாது" என்ற சொல் தொண்டையில் வந்து குந்திக்கொள்ளும். வாயைத் திறந்தால் "தெரியும்" என்பதுதான் வெளியே வரும். பேர்ணில் ஆஸ்பத்திரிச் சமையலறை ஒன்றில் முதல் நாள் வேலைக்குப் போனபோது, "றோஸ்டி செய்வாயா?" என்று கேட்டார்கள். செய்வேன் என்றேன். (றோஸ்டி என்றால் துருவிய உருளைக்கிழங்கை அடை மாதிரித் தட்டிப் பொரிப்பது என்று அன்று மத்தியானம்தான் அறிந்துகொண்டேன். அதற்குள் ஒரு பெரிய பானைக் கிழங்கை மசித்து முடித்திருந்தேன்.)

மசித்த கிழங்கோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த வியாதி ஒருமுறை என்னைத் தலைகீழாகத் தண்ணீருக்குள்ளும் கவிழ்த்தது. அது நடந்து ஆறு வருடமாகிறது. என் மகள் மெலனிக்கு அப்போது பதின்மூன்று வயது.

மெலனி பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு வாரம் விளையாட்டாகக் கனூ பழகப் போனவள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. கனூ என்றவுடன் ஏரியில் காதலர்கள் சும்மா மிதக்கும் வள்ளத்தை நினைக்க வேண்டாம். ஆற்றுக்குப் பக்கத்தில் சீமெந்தால் ஒரு வாய்க்கால் கட்டியிருக்கிறார்கள். மேலே கதவைத் திறந்தால் ஆற்றுத் தண்ணீர் அதற்குள் பாய்ந்து, அடியில் பொருத்தியிருக்கும் பெரிய கட்டைகளில் மோதி, நுரைத்துக்கொண்டு ஓடும். மேலே கட்டிய கம்பிகளில் சோடி சோடியாகக் கம்பங்கள் தொங்கும். அந்தச் சோடிக்குப் பெயர் கேற். பச்சைக் கேற்றுக்குள்ளால் ஓட்டத்தோடு இறங்க வேண்டும். சிவப்புக் கேற்றுக்குள்ளால் ஓட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும். கம்பத்தில் முட்டினால் இரண்டு விநாடி தண்டம். கேற்றைத் தவறவிட்டால் ஐம்பது. இவ்வளவையும் முழங்காலில் நின்றுகொண்டு, ஒரு பக்கம் மட்டும் அலகுள்ள துடுப்பால் செய்ய வேண்டும். மெலனி செய்தாள். தொங்குகிற கம்பத்தைக் கண்டு கூச்சப்படுவதுபோலத் தோளை ஒரு சின்னச் சாய்ப்புச் சாய்த்துக்கொண்டு போவாள்.

என் மனைவி ரஞ்சினி அந்த வாய்க்காலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கரையில் இருப்பாள். "பிள்ளையளைப் பியானோவுக்கு விடுற சனம், நாங்கள் வெள்ளத்துக்குள்ள விடுறம்" என்பாள். எனக்கோ பெருமை தாங்க முடியவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்பவர்கள், பிறந்தநாள் வீட்டில் பக்கத்துக் கதிரையில் அகப்பட்டவர்கள், எல்லோருக்கும் கைத்தொலைபேசியில் வீடியோ காட்டினேன். பச்சைக் கேற் எது, சிவப்புக் கேற் எது என்று பாடமும் எடுத்தேன். (பாதி பிழையாகத்தான் எடுத்தேன். கேட்டவர்களுக்குத் தெரியவா போகிறது?)

மெலனியின் பயிற்சியாளர் ரேத்தோ, நல்ல மனிதர். ஒருநாள் கரையில் நின்ற என்னிடம், "நீங்கள் இலங்கையில் எந்த இடம்?" என்று கேட்டார்.

"மன்னார். ஒரு தீவு."

"தீவா! அப்படியென்றால் உங்களுக்கும் வள்ளம் ஓட்டத் தெரியுமா?"

வியாதி எழும்பியது. "சின்ன வயதிலிருந்தே" என்றேன்.

உண்மை என்னவென்றால், என் அப்பா தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர். கடலை நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் பஸ் ஜன்னலால்தான். எட்டு வயதில் ஒரு திருநாளுக்கு, இருபது பேரோடு ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏறினேன். கரை மறையுமுன்னே, முன்னால் இருந்த சுவாமியாரின் வெள்ளை அங்கியில் காலைச் சாப்பாட்டை முழுவதுமாகச் சத்தி எடுத்துவிட்டேன். என் கடல் அனுபவம் அத்தோடு முற்றுப்பெற்றது.

அந்த வருடப் பருவ முடிவில், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஓடும் இரட்டைக் கனூப் போட்டி என்று சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். அதில் மெலனியின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் ரேத்தோ எழுதிவிட்டார். சின்ன வயதிலிருந்தே வள்ளம் ஓட்டியவனைக் கேட்க வேண்டுமா என்று நினைத்திருப்பார்.

ரயிலில் வீடு திரும்பும்போது மெலனி கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு உண்மையா வள்ளம் ஓட்டத் தெரியுமோ?"

"எனக்கோ?" என்று சிரித்தேன். அவள் முகம் வெளிச்சமானது. மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் மலை ஏறுகிறவர்கள், பனியில் சறுக்குகிறவர்கள். தன் தகப்பனிடமும் ஒன்று இருக்கிறதே என்ற மகிழ்ச்சி அவளுக்கு. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி உண்மையைச் சொல்வது?

ஆகவே இரகசியமாகப் பழகினேன். வரவேற்பறைக் கம்பளத்தில் முழங்காலிட்டு, வீடு கூட்டும் தும்புத்தடியைத் துடுப்பாக்கி, காணொளி பார்த்துப் பார்த்து வலித்தேன். இரண்டாம் நாளே ரஞ்சினி கண்டுவிட்டாள். "என்னப்பா, முழங்காலில நிக்கிறியள். மடு மாதாவுக்கு நேர்த்தி ஏதும் வச்சிருக்கிறியளோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். (அதுவும் முழுப் பொய் இல்லை. அந்த வாரம் முழுக்க மாதாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.)

இதோடு நின்றிருந்தாலும் மானம் தப்பியிருக்கும். நான் ஊருக்கே அழைப்பு விடுத்திருந்தேன். ரஞ்சினியின் தம்பி அன்ரன், லா ஷோ-து-ஃபோனில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்பவன், குடும்பத்தோடு காலை ரயிலில் வந்து இறங்கினான். கோயில் ஆட்களில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பாய், குடை, பெரிய பெட்டி நிறைய மீன் ரோல்ஸ். வாய்க்கால் கரையில் ஒரு பக்கம் முழுவதும் எங்கள் சனம்.

அங்கே தரும் இறப்பர் உடுப்பைப் போட எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. வெளியே வந்தபோது ரேத்தோ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உடுப்பின் சிப் பூட்டு முதுகுப் பக்கம் வரவேண்டும்" என்று மெதுவாகச் சொன்னார். திரும்பவும் உள்ளே போய் இன்னொரு இருபது நிமிடம். கடைசியில் வந்து நின்ற என்னைப் பார்த்து அன்ரன், "அத்தான், உரிக்காத றால் மாதிரி நிக்கிறியள்" என்று சொல்லிக்கொண்டே தொலைபேசியில் படம் பிடிக்கத் தொடங்கினான்.

"உங்களுக்கு நீந்தத் தெரியும்தானே?" என்று ரேத்தோ கேட்டார். தெரியும் என்றேன். இது மட்டும் உண்மை. நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில், ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் தெரியும்.

வள்ளத்தில் ஏறும்போது மெலனி, "அப்பா, நீங்க முன்னுக்கு இருங்கோவன். பின்னுக்கு இருக்கிற ஆள்தான் திருப்ப வேணும்" என்றாள்.

"பின்னுக்கு நான் இருக்கிறன். அனுபவம் உள்ள ஆள்தான் பின்னுக்கு இருக்கவேணும்."

முதலாம் கேற்றை அவள் கடந்தாள். நான் கூடவே போனேன், அவ்வளவுதான். இரண்டாம் கேற்றில் என் ஹெல்மெட் கம்பத்தில் மணி அடித்தது. மூன்றாவதில் நானும் அவளும் ஒரே பக்கம் வலித்தோம். வள்ளம் அரைவட்டம் சுற்றியது. நாலாம் கேற்றைப் பின்பக்கமாக, எங்கள் சனத்தைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கடந்தோம். அவர்கள் அதையும் ஏதோ வித்தை என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

"லிங்ஸ்! லிங்ஸ்!" என்று மெலனி கத்தினாள். லிங்ஸ் என்றால் இடது. அதை நான் ஜெர்மனில் கேட்டு, தமிழில் யோசித்து, எந்தக் கையால் சோறு சாப்பிடுகிறேன் என்று நினைவுபடுத்தி, மற்றக் கையைக் கண்டுபிடிப்பதற்குள் ஐந்தாம் கேற் போய்விட்டது. ஆறும் போய்விட்டது.

அப்போது மெலனி ஒரு காரியம் செய்தாள். பெரிய கட்டை ஒன்றின் பின்னால் தண்ணீர் அடங்கி நிற்கும் மூலைக்குள் வள்ளத்தை ஒரே வலிப்பில் செருகி நிறுத்தினாள். பக்கத்தில் வெள்ளம் இரைந்துகொண்டு போகிறது. கடிகாரம் ஓடுகிறது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா. உண்மையைச் சொல்லுங்கோ. நீங்க வள்ளம் ஓட்டியிருக்கிறீங்களோ?"

"ஒருக்கா..."

"ஒருக்கா?"

"இருந்து போயிருக்கிறன்."

"சும்மா இருந்தோ?"

"சும்மா எண்டில்லை. சத்தியும் எடுத்தனான்."

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், "ஏழாம் இலக்க வள்ளத்தில் ஒரு குடும்பக் கூட்டம் நடப்பதாகத் தெரிகிறது" என்றார். கரை முழுவதும் சிரித்தது. நான் தலையைக் குனிந்தேன். மெலனி அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தோள் குலுங்கியது. பிறகுதான் பார்த்தேன், அவளும் சிரிக்கிறாள்.

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீ சந்தோசப்பட்டாய்" என்றேன்.

அவள் முன்பக்கம் திரும்பித் துடுப்பைப் பிடித்தாள். பிறகு, "சரி. துடுப்பை வள்ளத்தோட சேர்த்துப் பிடியுங்கோ. ஒண்டும் செய்யாதேங்கோ. நான் சாய்ஞ்சால் நீங்களும் சாயுங்கோ. நான் கொண்டுபோறன்" என்றாள்.

கொண்டுபோனாள். எழுபத்தெட்டுக் கிலோ தகப்பனைப் பின்னால் வைத்துக்கொண்டு, இரண்டு பேர் ஓட்டும் வள்ளத்தைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை தனியாக ஓட்டிக்கொண்டு போனாள். ஏழு, எட்டு, ஒன்பது. அவள் சாய்ந்தால் நானும் சாய்ந்தேன். பத்தாவது சிவப்புக் கேற். ஓட்டத்தை எதிர்த்து ஏறினாள். அவள் கழுத்து நரம்பு புடைத்ததை நான் ஓர் அடி தூரத்தில் பார்த்தேன். ஒரு கம்பத்திலும் படவில்லை. இவ்வளவு நாளும் கரையில் நின்று வீடியோ எடுத்தேனே, இந்தப் பிள்ளை என்ன செய்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டாம் கேற்றையும் தாண்டியபோது கரையில் எல்லோரும், வெள்ளைக்காரரும் எங்கள் சனமும், எழுந்து நின்று கத்தினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதனால் இடது கையைத் தூக்கி அவர்களுக்குக் காட்டினேன்.

அவள் வலப்பக்கம் சாய்ந்த அதே நேரம் அது.

வள்ளம் கவிழ்ந்தது. நான் எப்படியோ அதிலிருந்து கழன்று விழுந்தேன். விழுந்த இடம் வாய்க்காலிலேயே மோசமான இடம். கட்டைக்குக் கீழே தண்ணீர் திரும்பத் திரும்பத் தன்மீதே உருளும். மிதவை அங்கி என்னை மேலே தூக்கும். உருளும் தண்ணீர் திரும்பவும் உள்ளே இழுக்கும். இரண்டு தரம் வானத்தைப் பார்த்தேன். மூன்றாம் தரம் பார்க்கவில்லை. காதுக்குள் இரைச்சல் மட்டும். பகிடி விடும் எண்ணம் அப்போது எனக்கு வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கரையில் நடந்ததைப் பிறகு அன்ரனின் படத்தில்தான் பார்த்தேன். மறுகரையில் காவலுக்கு நின்றவர் கயிறு எறிந்தார். அது என் தலைக்கு மேலால் போய்விட்டது. அதற்குள் மெலனி நீந்திக் கரையேறி, அங்கே கிடந்த, மீட்புக் கயிறு சுருட்டிய பையைத் தூக்கினாள். "அப்பா! அப்பா!" என்று அவள் போட்ட சத்தம் அந்த இரைச்சலுக்கு மேலாலும் கேட்டது. எறிந்தாள். கயிறு வந்து என் நெஞ்சுக்குக் குறுக்கே விழுந்தது. பிடித்துக்கொண்டேன். என் பாரம் அவளையும் தண்ணீருக்குள் இழுத்திருக்கும். ஆனால் அந்த வாய்க்காலுக்கு முதுகு காட்டியே இருக்கும் ரஞ்சினி, பாயை உதறிக்கொண்டு ஓடிவந்து, மகளின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துச் சீமெந்தில் குந்திவிட்டாள். அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இருவருமாக என்னை இழுத்துக் கரையில் போட்டார்கள். ரேத்தோ ஓடிவந்து என் கண்ணையும் மூச்சையும் பார்த்தார். பிறகு மெலனியின் பக்கம் திரும்பி, "முதல் எறிதலிலேயே. நான் பெரியவர்களுக்கே வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றார். அவர் குரல் சரியாக இல்லை. மெலனி என் பக்கத்தில் முழங்காலிட்டு, அப்போதுதான் அழத் தொடங்கினாள். ரஞ்சினி என் முகத்தைத் தன் சால்வையால் துடைத்துக்கொண்டே, "வீட்டுக்கு வாங்கோ, கதைக்கிறன்" என்றாள். (கதைத்தாள். மூன்று நாள் கதைத்தாள்.)

நீந்திக் கரையேறினால் ஓட்டம் செல்லாது. ஆகவே எங்கள் பெயருக்கு நேரே நேரமும் இல்லை, இடமும் இல்லை, ஒரு சின்னக் கோடு மட்டும். அந்தக் கோடு போட்ட தாளை நான் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஆறு கேற்றுக்கும் தண்டம் பூச்சியம் என்று அதில் இருக்கிறது.

அன்றைக்குச் சங்கத்துச் சின்னப் பிள்ளைகள் எல்லோரும் கரையில் நின்றிருந்தார்கள். மெலனி அந்த உருளும் தண்ணீரைப் பார்த்து "அப்பா! அப்பா!" என்று கத்தியதை அவர்கள் கேட்டார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அடுத்த கிழமைப் பயிற்சியில் ஒரு குட்டிப் பெண் ரேத்தோவிடம், "இன்றைக்கு நாங்கள் அப்பாவுக்குள்ளால் போகிறோமா?" என்று கேட்டாளாம். அத்தோடு அந்த இடத்துக்குப் பெயர் நிலைத்துவிட்டது. சங்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும் வாய்க்கால் வரைபடத்தில்கூட இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகள் முதலில் பழகும் பாடமே, அப்பாவிடம் எப்படி அகப்படாமல் தப்புவது என்பதுதான்.

போன கோடையில் அங்கே பெரியவர்களுக்கான போட்டி நடந்தது. மெலனிக்கு இப்போது பத்தொன்பது வயது. ஒற்றைக் கனூவில் இறங்கினாள். நாங்கள் எல்லோரும் கரையில் இருந்தோம். ஒலிபெருக்கியில் பேசியவன் அந்தப் பழைய கதை எதுவும் தெரியாத ஓர் இளைஞன்.

"இதோ மெலனி, அப்பாவை நெருங்குகிறாள்" என்றான் சுவிஸ் ஜெர்மனில். "பெரிய பெரிய ஆட்களையே அப்பா இன்று கவிழ்த்திருக்கிறது. பாருங்கள்... பாருங்கள்... அப்பாவை வெகு சுலபமாகத் தாண்டிவிட்டாள்!"

அன்ரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சரிந்தான். ரஞ்சினி என் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்து, "கேட்டுதோ?" என்றாள்.

கேட்டது. எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, கைதட்டல் அடங்கும் வரை நான்தான் சத்தமாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.