அண்ணன் பின்னால் நின்றால் காஜா கோணிவிடுகிறது

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு, கொழுந்தன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும், ஊசி ஏறிய என் கட்டைவிரலும் நலம். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள், பக்கத்திலேயே அண்ணன் இருப்பார், அதனால்தான் கடிதம்.

விஷயம் என்னவென்றால், எங்கள் சட்டைத் தொழிற்சாலையில் அண்ணன் சூப்பர்வைசர், நான் அவருக்குக் கீழே காஜா போடுகிறவன், அதாவது பட்டன் நுழைகிற ஓட்டையைத் தைக்கிறவன் என்பது தாங்கள் அறிந்ததே. நாலு வருஷமாக நேராகப் போட்ட கை. ஆனால் அண்ணன் பின்னால் வந்து நின்று தொண்டையைக் கனைத்தாரென்றால் முடிந்தது கதை. போன வாரம் நெஞ்சில் போட வேண்டிய காஜாவை முதுகில் போட்டுவிட்டேன். பக்கத்து மெஷின் கண்ணாடிக்கார அக்கா தன் துப்பட்டாவையே சட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டு, "தண்ணி குடிச்சிட்டு வரேன்"னு எழுந்தாங்க, பின்னாலேயே மொத்தச் சட்டைக் கட்டும் கிளம்பிடுச்சு. முதலில் புழுக்கத்தால்தானோ என்று நினைத்தேன், ஏனென்றால் இருக்கிற ஒரே மின்விசிறியும் துணிக்கட்டைப் பார்த்துத்தான் சுற்றுகிறது, துணிக்கு வியர்க்குமா அண்ணி? அதை நைசாக எங்கள் பக்கம் திருப்பினேன். கொஞ்சம் தேவலை, ஆனால் கோணல் போகவில்லை. அப்புறம் ஒரு நாள் அண்ணன் பின்னால் நிற்காமல் எதிரில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார், அன்னைக்கு ஒரு சட்டைகூடத் தப்புன்னு திரும்பி வரல! எனக்குத் தூக்கமே போச்சு. அதே மனுஷன், அதே கனைப்பு, பின்னாடி நின்னா மட்டும் ஏன்? யோசிச்சு யோசிச்சு கண்டுபிடிச்சேன். எதிரே இருந்தா மூஞ்சி தெரியுது. பின்னாடி நின்னா இப்போ எந்த மூஞ்சி வச்சிருக்காரோன்னு நினைச்சே கை தப்பிடுது.

சிரிக்காதீங்க அண்ணி. இந்த மாசக் கடைசிக்குள்ள தப்புச் சட்டை குறையலைன்னா சூப்பர்வைசர் வேலையை வேற ஆளுக்குக் குடுத்திடுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார். அந்தப் பயத்துல அண்ணன் இன்னும் கிட்ட வந்து நிக்கிறார், நாங்க இன்னும் கோணலாத் தைக்கிறோம். நான் சொன்னா, "நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா"ம்பார். நீங்க சொன்னா கேப்பார். ஆளுங்க முதுகுக்குப் பின்னாடி நிக்காதீங்க, முன்னாடி வந்து நில்லுங்கன்னு பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. உங்களை மாதிரி நிதானமானவங்க சொன்னாத்தான் எடுபடும்.

பாப்பாவுக்கு என் முத்தங்கள். தங்கள் ஆசியை என்றும் வேண்டும் கொழுந்தன்.

பி.கு.: சாப்பாட்டு இடைவேளையில் மெஷின்மேல் வைத்துக் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் பின்னால் கனைப்புச் சத்தம். அண்ணன்! முழுசையும் படித்துவிட்டார். கத்துவாரென்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, "இதை அவகிட்டயாடா சொல்லச் சொல்ற? தினம் நான் ஷேவ் பண்றப்போ பின்னாடி நின்னு, 'அங்க விட்டுட்டீங்க, இங்க விட்டுட்டீங்க'ன்னு சொல்றது யாரு?" என்று கன்னத்தைக் காட்டினார். மூணு வெட்டு அண்ணி. ஆகையால் மேலே எழுதியது எதையும் அவரிடம் சொல்ல வேண்டாம். மாசக் கடைசி வரைக்கும் அவர் கண்ணாடி முன்னாடி நிக்கிறப்போ நீங்க தயவுசெய்து வேற அறையில இருங்க. சட்டையை நாங்க பாத்துக்கறோம்.