நாலு ரெக்கைப் பேன்

சேசு மரி சூசை துணை

இராயபுரம்,
மார்ச் 1968

மகா கனம் பொருந்திய மச்சான் இன்னாசி அவர்களுக்கு, தங்கள் தங்கை சிலுவையம்மாளின் புருஷன் சவரிநாதன் அநேக தோத்திரங்களுடன் எழுதிக்கொள்வது. கோலாரில் தாங்களும் தங்கள் குடும்பமும் தேக சுகத்துடன் இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதலாமென்று பேனாவை எடுத்தேன். பேனா என்ற வார்த்தையைக்கூட இனி இந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஏன் என்று கீழே பாருங்கள்.

நீங்கள் பார்த்துக் கொடுத்த சம்பந்தம் எண்ணூர் செல்வநாதன். அவனுடைய தாயார் ஆலிஸ் அம்மாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரயிலேறி வந்து நம் எல்சியைப் பெண் பார்த்தார். பார்த்த கணமே பிடித்துவிட்டது. இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடையைக் கையில் எடுத்து, "இன்னா முடி, இன்னா முடி" என்று விடவே மாட்டேனென்றார். ஈஸ்டர் கழித்துக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிடலாம் என்று வாயால் சொல்லியும் விட்டார். நான் அதோடு நின்றிருக்கலாம். எல்சிக்குச் சீதனமாகத் தருகிறேன் என்று நீங்கள் விட்டுப்போன கார் வாசலில் நிற்கிறதே, அதில் அந்த அம்மாளை எண்ணூரில் கொண்டுபோய் இறக்கினால் வண்டியையும் பார்த்தது போலாகும் என்று எனக்கு ஆசை தட்டிவிட்டது. எல்சியையும் பின்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார வைத்தேன், சடை அவர் மடியில்.

காலடிப்பேட்டை வரை வண்டி ராஜா மாதிரிதான் ஓடியது. அப்புறம் ரயில்வே கேட்டை மூடினார்கள். நின்றோம். நின்றதும் என்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் மளமளவென்று ஏறியது, ஓடும்போது இறங்கியது. விம்கோ நகர் பக்கம் ஒரு லாரிக்குப் பின்னால் மறுபடி நிற்க வேண்டி வந்தது, அவ்வளவுதான், முன்பக்கம் புஸ்ஸென்று ஆவி கிளம்பிச் சோறு வடிக்கிற வீடு போலாகிவிட்டது. ஆலிஸ் அம்மாள் ஜெபமாலையை எடுத்துவிட்டார். ரேடியேட்டர் ஒழுகுகிறது, மஞ்சள் தூளும் முட்டையும் போட்டால் அடைத்துக்கொள்ளும், வெளியே மட்டும் சொல்லாதே என்று போகும்போது என் காதோடு சொல்லிவிட்டுப் போனீர்களே, அந்த வைத்தியமெல்லாம் நான் ஏற்கெனவே செய்து முடித்திருந்தேன்.

எதிரிலேயே ஒரு பட்டறை. அதன் சொந்தக்காரர் கலீலுல்லா வந்து வண்டி ஆறுகிற மட்டும் அரசியல் பேசினார். பிறகு தண்ணீர் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் தன் கைக்குட்டையைப் பிடித்தார். பின்னால் விசிறி சரியாகச் சுழன்றால் துணி உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். அது தொப்பென்று கீழே விழுந்தது. அந்த விசிறியை அவர் ஃபேன் என்கிறார், ஆனால் அவர் வாயில் அது பேன் என்றுதான் வருகிறது, நம் வாயிலும் அப்படித்தானே. என்ஜின் சத்தத்தில் இருவரும் தொண்டை கிழியக் கத்தினோம்.

"எல்லாம் பேன் பண்ற வேலை சார். அதான் மண்ட காயுது. எத்தினி நாளா இப்டி கீது?"

"ரொம்ப நாளா. முட்டை உடைச்சு ஊத்தினேன், மஞ்சத்தூள் போட்டேன், கேக்கல."

"முட்டைக்கெல்லாம் போற பேனா இது? நாலு ரெக்கை கீது பாரு, ஒண்ணு ஒடிஞ்சிகீது. எங்கேர்ந்து வந்துச்சு?"

"என் மச்சான்கிட்டேர்ந்து வந்தது. வெளியே சொல்லாதேன்னார்."

திரும்பிப் பார்க்கிறேன், பின்கதவு திறந்து கிடக்கிறது. ஆலிஸ் அம்மாள் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எண்ணூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருக்கிறார். எல்சி ஆவி வெக்கையில் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெரிய மனுஷிக்கு அவசர வேலை போலிருக்கிறது என்று நான் கையை வேறு ஆட்டினேன்.

மறுநாள் எண்ணூர்க் கோயில் உபதேசியார் வந்து சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. பெண் தலையில் ரெக்கை முளைத்த பேனாம், தகப்பனே நடுரோட்டில் ஒத்துக்கொண்டானாம், தாய்மாமனிடமிருந்து தொற்றியதாம், அதனால்தான் மாமன் தலையில் ஒரு முடிகூட மிஞ்சவில்லையாம். எல்சி சாப்பிடவில்லை. அந்தப் பையனின் போட்டோவைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு அழுகிறாள். அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது மச்சான், எனக்கு அதுதான் தாங்கவில்லை. அந்தோணியார் மேல் ஆணையாகச் சொல்கிறேன், என் மகள் தலையில் ஒரு ஈர்கூடக் கிடையாது. ஆகையால் நீங்கள் இந்தத் தபால் கண்டவுடன் ஆலிஸ் அம்மாளுக்கு எழுத வேண்டும். பேன் வண்டியுடையது, மருமகளுடையது அல்ல, தெரிந்தே மறைத்தவன் நான்தான் என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெட்கம் பார்க்காதீர்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் தோத்திரம், சின்னவர்களுக்கு முத்தம். மாதா எல்லாரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
மானம் போன மைத்துனன்
சவரிநாதன்

பி.கு.: ஸ்டாம்பு ஒட்டும் நேரத்தில் செல்வநாதனே வந்துவிட்டான். பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் வேலை செய்கிற பையன், தாயார் சொன்னதைக் கேட்டதுமே அது வண்டியின் விசிறி என்று அவனுக்குப் புரிந்து, வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறான். ஆலிஸ் அம்மாளும் மனம் இறங்கிவிட்டார். "பேன்னா பரவால்ல, ஒக்காந்து ரெண்டு வாரு வாரினா போச்சு. அந்த வண்டிய யாரு வாருறது? பொண்ணு மட்டும் வந்தா போதும்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். எனவே நீங்கள் யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம், வண்டியைத் திரும்ப எடுத்துப்போக மட்டும் வாருங்கள். இன்னொன்று, மேலே அந்தோணியார் பெயரில் ஆணையிட்டிருக்கிறேனே, அந்த வரியை அடித்துவிடுங்கள். உங்கள் தங்கை இப்போதுதான் சீப்பும் கையுமாக வந்து ஒன்றைக் காட்டிவிட்டுப் போகிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், ரெக்கை இல்லை.