நாலாம் அத்தியாயமும் ஆபீசர் ஜீப்பும்

அறிவியல் வளராமல் நாடு வளராது. வருமான வரி குறையாமல் அறிவியல் வளராது. இதில் இரண்டாவது உண்மையை, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டில், சிவகாசிப் பட்டாசு முதலாளி கோட்டைச்சாமிக்கு அவருடைய ஆடிட்டர் எடுத்துச் சொன்னார். ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் வரியில் கழியுமாம். முதலாளிக்கு அன்றைக்கே விஞ்ஞானத்தின் மேல் தீராத பற்று உண்டாகிவிட்டது. பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் பந்தல் போட்டு, மாலை மரியாதையோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. இரு தரப்பும் எதைப் புரிந்துகொண்டன என்று மட்டும் அதில் எழுதவில்லை.

அந்த உதவித்தொகையில் கம்ப்யூட்டரில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தவள் பொன்மணி. அவள் அம்மா சோலையம்மாள், அதே முதலாளியின் நாரணாபுரம் ஆலையில் வெடிமருந்து கலக்கும் செட்டில், அதாவது தனிக் கொட்டகையில், வேலை பார்க்கிறவள். வெயிலும் காற்றின் ஈரமும் எப்படி இருந்தால் மருந்தைத் தொடக்கூடாது என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதுதான் ஆராய்ச்சி. பிள்ளை பாடாய்ப்பட்டுக் கண்டும் பிடித்துவிட்டாள். காற்று இன்ன அளவுக்குக் காய்ந்தால் மருந்து தானே பற்றிக்கொள்ளும், வேலையை நிறுத்தி, ஆட்களை வெளியே அனுப்பிவிட வேண்டும் என்று நாலாம் அத்தியாயத்தில் எழுதினாள். அம்மாவை மனசில் வைத்து எழுதிய அத்தியாயம் அது.

ஒப்பந்தப்படி, முதலாளி கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியாது. பொன்மணி தன் பேராசிரியர் கண்ணுச்சாமியோடு போய் நின்றாள்.

"ஏந்தாயி, வேலையை நிறுத்தணும்னா போட்டிருக்க?" என்றார் முதலாளி.

"கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது ஐயா."

"கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தது யாரு?"

"நீங்கதான்."

"பெறகு அது ஏன் நம்மளை எதுத்துப் பேசுது?"

இதற்குப் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பேராசிரியர் முந்திக்கொண்டார். "இந்த அத்தியாயத்தை எடுத்துருவோம் முதலாளி. எதிர்கால ஆய்வுக்கு உரியதுன்னு ஒரு வரி போட்டாப் போதும். எங்க துறையில செய்யப் பயப்படுற எல்லாத்தையும் அங்கனதான் போட்டு வச்சிருக்கோம்."

"எடுக்க மாட்டேன் சார்," என்றாள் பொன்மணி. "அதை எடுத்தா மிச்சம் அட்டைதான்."

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குச் சொந்தத்தில் ஆப்செட் அச்சகமும் உண்டு. ஆடிப்பெருக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் சிவகாசியில் அடுத்த வருசத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும்; ஊர் ஊராக ஏஜெண்டுகள் வந்து ஆர்டர் கொடுப்பார்கள்.

"எடுத்தா புஸ்தகம் எம்புட்டு மெலியும்?"

"பாதி போயிரும் ஐயா."

"அப்ப இருக்கட்டும். ஒல்லியா இருந்தா காலண்டர் பார்ட்டி வாங்க மாட்டான். நம்ம பிரஸ்லயே அடிச்சிருவோம்."

இவ்வாறாக, முதலாளி கையெழுத்தோடு விஞ்ஞானம் காப்பாற்றப்பட்டது.

அவருக்குத் தெரிந்த அச்சு முறை ஒன்றே ஒன்றுதான். மேலே சாமி படம், அடியில் வெற்றுப் பட்டை. எந்தக் கடை வாங்குகிறதோ அந்தக் கடையின் பேர் அதில் ஏறும். ஆய்வேடும் அப்படியே வந்தது. மேலே சரஸ்வதி பளபளவென்று வீணை வாசிக்க, நடுவில் பொன்மணியின் தலைப்பு, அடியில் வெற்றுப் பட்டை, தொங்கவிட ஒரு நாடா. ஆல்பத்தோடு சேர்த்து வைத்ததும் ஏஜெண்டுகள் ஈயாய் மொய்த்தார்கள். சாத்தூர் தீப்பெட்டிக் கம்பெனி தன் பேரைப் போட்டு வாங்கியது. காரியாபட்டி உரக்கடையும் வாங்கியது. அந்த வருசம் ஆராய்ச்சி இல்லாத கம்பெனிக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள்.

"ஐயா, ஒரே ஆராய்ச்சியை எல்லாரு பேர்லயும் அடிக்கலாமா?" என்று பொன்மணி பதறினாள்.

"ஏன், ஒரே முருகன்தான் ஆயிரம் கடையில தொங்குதாரு. அவரு கோவிச்சுக்கிட்டாரா?"

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் அட்டையைத் தடவிப் பார்த்து, "ஆய்வு அபாரம்" என்று அறிவித்தார். பூஜை அறைக்கென்று ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். பட்டம் கிடைத்தது. நாலாம் அத்தியாயத்தை ஒரு மனுசர்கூடத் திறக்கவில்லை.

சித்திரை பிறந்தது. ஒரு நாள் காலையிலேயே கம்ப்யூட்டர் கத்தியது. டாக்டர் பொன்மணி ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு நாரணாபுரம் ஆலைக்கு ஓடினாள்.

"அண்ணாச்சி, கலவையை நிப்பாட்டுங்க! இன்னைக்கு ஆகாது!"

போர்மேன் நாகையா அதை வாங்கிப் புரட்டினார். "இதுதான் நம்ம ஆபீஸ்லயும் தொங்குதே தாயி. இதுல நல்ல நேரம் எங்கன போட்டிருக்கு?"

"இன்னைக்கு நல்ல நேரமே இல்ல! அம்மா, வெளிய வா!"

"சும்மா இருட்டி," என்று செட்டுக்குள்ளிருந்து சோலையம்மாள் சத்தம் போட்டாள். "சீசன் நேரம். பாதியில வந்தா கூலியை உன் கம்ப்யூட்டரா தரும்?"

படித்த படிப்பெல்லாம் இந்த வாசலைத் தாண்டவில்லையே என்று பொன்மணி தலையில் அடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ரோட்டில் புழுதி கிளம்பியது.

"ஏலே, ஆபீசர் ஜீப்பு!"

அவ்வளவுதான். லைசென்ஸில் உள்ளதைவிடக் கூடுதலாக ஆள் வைத்திருக்கிற ஆலை அது. கண்மூடித் திறப்பதற்குள் செட்டு காலி. வேலியை முதலில் தாண்டியது சோலையம்மாள். நாகையா செட்டைப் பூட்டிவிட்டுப் பூனை மாதிரி நின்றார்.

ஜீப்பிலிருந்து இறங்கிய, ஆலைகளைச் சோதனை போடும் ஆபீசர் ஊர்க்காவலன் சுற்றுமுற்றும் பார்த்தார். "என்னய்யா, லீவா? சரஸ்வதி ஆராய்ச்சி ஒண்ணு கிடைக்குமான்னு கேக்க வந்தேன். வீட்ல பிரியப்படுதாக."

சாயங்காலம் முதலாளி பொன்மணியைக் கூப்பிட்டனுப்பினார். "இனிமேலாச்சும் பிரயோசனமா ஆராய்ச்சி பண்ணுவோம் தாயி. ஜீப்பு என்னைக்கு வரும்னு கம்ப்யூட்டர் சொல்லுமா? சொல்லிட்டா, கூலியைக் குடுத்தே ஆளுகளை வீட்டுக்கு அனுப்பிருவேன். அபராதத்துக்கு அது தேவலை."

"சொல்லும் ஐயா," என்றாள் பொன்மணி.

புதிதாக ஒன்றும் எழுதவில்லை. கம்ப்யூட்டரில் 'வேலையை நிறுத்துக' என்று வருகிற இடத்தில் 'ஜீப்பு வருகிறது' என்று மாற்றினாள். காற்று காய்ந்த நாளெல்லாம் மணி அடித்தது, ஆலை காலியானது, கூலியும் வந்தது. ஜீப்பு வராத நாளில், "பாத்தீகளா, நம்ம உஷாரைப் பாத்துப் பயந்துட்டான்" என்று முதலாளி மீசையை முறுக்கினார். பிறகு அந்தக் குறையும் தீர்ந்தது. ஆபீசர் தாமும் அதே கம்ப்யூட்டர் ஒன்று கேட்டு வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார். எந்த நாளில் சோதனைக்குப் போவது என்று அவர் ஆபீஸில் யாருக்குமே தெரியாமல் இருந்ததாம். 'ஜீப்பு வருகிறது' என்று கம்ப்யூட்டர் சொன்னால் உடனே கிளம்பிவிடுவார்.

கணிப்பு நூற்றுக்கு நூறு பலித்தது. பல்கலைக்கழகம் பொன்மணிக்குத் தங்கப் பதக்கம் போட்டது.

பதக்கத்தைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், மகள் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சோலையம்மாள் வாயிலிருந்து பதக்கத்தை எடுத்தாள்.

"அடி பாதகத்தி! மொதல்லயே பொய் சொல்லியிருந்தா, இம்புட்டுப் படிப்பு படிச்சிருக்க வேண்டாமேட்டி!"