தட்டு ஏந்தாத பெண்

கொலம்பஸ் ஆஸ்பத்திரி,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய வெர்னெல் அக்காவுக்கு,

தம்பி ஆல்வின் எழுதுவது. உன் முழங்கால் தேவலையா? சவானாவில் உன் தேவாலயத்தார் எல்லோரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே பனி கொட்டுகிறது. நான் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இந்த வாரம் என் உயிர் என்னிடம் இல்லை.

என் மார்வாவை அடக்கம் செய்த அன்று, சபையார் போட்ட விருந்து மேசையில், அத்தனை பேர் எதிரில் நான் கேண்டஸைப் பார்த்து, “பெத்த அம்மா சாவுக்கே லேட்டா வர்றவ நீ” என்றேனே, நினைவிருக்கிறதா? விமானம் ரத்தானதற்கு அவள் என்ன செய்வாள்! அன்று எழுந்து போன மகள் எட்டு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை திடீரென்று போனில் செய்தி: “அப்பா, குரல்வளையில கட்டி. வியாழக்கிழமை கொலம்பஸ் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். குரல் போனாலும் போகுமாம். சொல்லணும்னு தோணுச்சு.”

பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவளுக்குக் குரல் போனால் என்ன மிச்சம், அக்கா? பதில் தட்டித் தட்டி நாலு தடவை அழித்தேன். போனில் எழுத்துக்குப் பதிலாக அனுப்புகிற அந்தக் குட்டிப் படங்களில் ஒரு பெண் தோளுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை விரித்துக்கொண்டு நிற்கிறாளே, அவள் உணவகத்தில் தட்டு ஏந்துகிறவள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ‘உனக்கு என்ன வேணுமோ கொண்டு வர்றேன், கண்ணு’ என்று அர்த்தம் வரட்டுமென்று அவளை அனுப்பினேன். கேண்டஸ் பார்த்துவிட்டதாகப் போன் காட்டியது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை.

புதன்கிழமை மதியம் ரோசெட்டாவின் முடிதிருத்தும் கடையில் அதைக் காட்டினேன். அவள் கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஆல்வின் அண்ணே, இதை யாருக்கு அனுப்புன?”

“மகளுக்கு.”

“ஆபரேஷனுக்குப் போற புள்ளைக்கா? அட பாவி மனுஷா! இவ தட்டும் ஏந்தல, கிண்ணமும் ஏந்தல. முடியைச் சிலுப்பிக்கிட்டு, ‘அதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?’னு கேக்குறவ. என் தங்கச்சி புதுக் கார் வாங்கிப் பீத்திக்கிட்டா நான் இதைத்தான் போடுவேன். அவளும் சிரிப்பா. நீ போட்ட இடத்துல எவ சிரிப்பா?”

முடியைப் பாதி வெட்டினபடியே கிளம்பினேன். அழைத்துப் பார்த்தேன், ஆறு தடவை, அவள் எடுக்கவில்லை. வியாழன் விடிந்ததும் க்ளீவ்லாந்திலிருந்து கொலம்பஸுக்கு வண்டியை விட்டேன். வழியெல்லாம் லாரிகள் பனியில் சறுக்கிக் கிடந்தன. இரண்டு மணி நேரப் பாதை நாலரை மணி ஆயிற்று. ஆஸ்பத்திரியில் தகவல் மேசைப் பெண்ணிடம் மகள் பெயரைச் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்து, தோளருகே உள்ளங்கையை விரித்து நின்றாள், அச்சு அசல் அந்தப் படம்! “என் மக உசிருக்குப் போராடுறா, நீ என்னைப் பாத்து நக்கல் பண்றியா?” என்று கத்திவிட்டேன். “லிஃப்ட் அந்தப் பக்கம் இருக்குங்க ஐயா” என்றாள் பாவம்.

மூன்றாவது மாடியில் கேண்டஸைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகிறார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். “நான் தட்டுன்னு நினைச்சேன்மா! அன்னிக்கு விருந்துல சொன்னதும் தப்பு, மகா தப்பு. உங்கம்மாவை இழந்த ஆத்திரத்தை உன் மேல கொட்டிட்டேன். என்னை மன்னிச்சுடு.” அவள் என்னையே பார்த்தாள். பிறகு என் தலையைப் பார்த்தாள். “ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கு, அப்பா” என்றாள். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. அவள் குரலை நான் கேட்பது அதுதான் கடைசியோ என்று மூன்று மணி நேரம் அங்கேயே நின்றேன்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். கெட்ட கட்டி இல்லை. குரலும் தப்பிவிடும் என்கிறார் டாக்டர். ஒரு வாரத்துக்கு வாய் திறக்கக் கூடாதாம். அருகில் உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன். இனி அந்தப் படங்களின் பக்கமே போவதில்லை. படம் பார்த்துத்தானே பிள்ளை மனம் புண்பட்டாள்! உன் ஜெபத்தில் அவளை நினைத்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
ஆல்வின்

பி.கு.: கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். காகிதத்தில் எழுதிக் காட்டியதை அப்படியே தருகிறேன்: “கடையிலேர்ந்து சாப்பாடு வாங்கிட்டு வரும்போதெல்லாம் அம்மாவுக்கு இதே படத்தைத்தான் அனுப்புவீங்க. அம்மா எனக்குக் காட்டியிருக்காங்க. பாத்ததுமே புரிஞ்சுது. பதில் போட்டிருந்தா, வீட்டுல உக்காந்துக்கிட்டே இன்னொரு படம் அனுப்பியிருப்பீங்க. அதான் போனை எடுக்கல.”